கருகிய மூன்று கண்ணாடிக் குழல்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையில் வருகிற சாமான் சுண்டுவிரல் நுனி நீளம்தான். தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

"பியூஸே இல்லாத பெட்டி ஒண்ணு செஞ்சு குடு அம்மிணி."

நஞ்சப்பன் இப்படிக் கேட்டது அந்தியூரில், மாவு மில்லுக்கு மேல்மாடியில். கேட்டது தமயந்தியிடம்.

தமயந்திக்கு நாற்பது வயசு. நஞ்சப்பனுக்கு ஐம்பத்தொன்பது. இதில் யார் குரு, யார் சிஷ்யன் என்று கேட்டால் ஊரே சிரிக்கும்.

நாற்பதுதான் குரு.

நஞ்சப்பன் முப்பத்தைந்து வருஷம் வயர்மேன். அந்தப் பக்கத்தில் பாதி வீட்டுக்குக் கரண்டு இழுத்தது அவர் கைதான். அப்புறம் காலம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. சுவிட்சைத் தட்டுவதை விட்டுவிட்டு ஜனங்கள் போனைத் தட்டினார்கள். வாயால் சொன்னால் லைட் எரிந்தது. எல்லாம் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு குட்டிப் பெட்டியின் வேலை. தீப்பெட்டி அளவு. அதைத் திறந்து பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கினது தமயந்திக்கு. அவள் அந்தப் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள்.

வெட்கத்தைக் கீழே மாவு மில்லிலேயே விட்டுவிட்டு மாடி ஏறினார்.

"கத்துக் குடுப்பியா அம்மிணி?"

"எனக்குக் கத்துக் குடுக்கத் தெரியாதுங்ணா. நீங்க உட்காருங்க."

ஒரு ஸ்டூலைக் காட்டினாள். சிஷ்யனாகச் சேர்ந்தது அவ்வளவுதான்.

முதல் ஆறு மாசம் செத்த பெட்டியாக எடுத்து எடுத்துக் கையில் கொடுத்தாள். "எப்படிச் செத்துச்சுன்னு சொல்லுங்க" என்பாள். தப்பாகச் சொன்னால் இன்னொன்று எடுத்துக் கொடுப்பாள். சரியாகச் சொன்னாலும் இன்னொன்று எடுத்துக் கொடுப்பாள். ஒரே ஒரு கட்டளை மட்டும் போட்டிருந்தாள்: செத்ததைத் தூக்கிப் போடக் கூடாது.

அதனால் நஞ்சப்பனின் சட்டைப்பையில் எப்போதும் ஏதாவது கிலுகிலுக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் சம்சாரம் மயிலாத்தா ஒருநாள் காலையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் சாய்ந்தாள். இடது கை, இடது கால், இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. நாக்கு மட்டும் ஒரு வாரம் லீவு எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டி வந்த இரண்டாம் மாசம், அவர் இல்லாத நேரம் தானாக எழுந்து பார்த்தாள். விழுந்தாள். நெற்றியில் ஆறு தையல்.

அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டே நஞ்சப்பன் சொன்னார்:

"நான் இருக்கற வரைக்கும் உன் கால் தரையில படக் கூடாது. படவும் விடமாட்டேன்."

ஆசையில் சொன்னதுதான். அவளும் சரி என்றுதான் சொன்னாள்.

அவள் தலைமாட்டு சுவிட்ச் போர்டுக்குள் ஒரு பெட்டியைத் தன் கையாலேயே வைத்தார். லைட்டும் ஃபேனும் அதன் வழியாகத்தான். படுத்தபடியே வலது கட்டைவிரலால் போனைத் தொட்டால் போதும். முதல் நாள் மயிலாத்தா அந்த லைட்டைப் பதினேழு தடவை போட்டுப் போட்டு அணைத்தாள்.

"புதுசா கண்ணாலமான பொண்ணு கூட இப்படிக் கண்ணடிக்க மாட்டா" என்றார் நஞ்சப்பன்.

"எனக்கு அசையறது இது ஒண்ணுதான். விடுங்க" என்றாள்.

கட்டிலுக்கு அடியில் அவள் செருப்பு கிடந்தது. எட்டு மாசமாகத் தேயாத செருப்பு. வாரம் ஒருதரம் அதைத் தூசி தட்டி அங்கேயே வைப்பார்.

இப்போது அந்தப் பெட்டிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

"இது எத்தனாவது பியூஸுங்ணா?" என்று கேட்டாள் தமயந்தி.

"ரெண்டாவது. எட்டு நாளைக்குள்ள ரெண்டு! நான் இங்க உட்கார்ந்திருக்கேன், அங்க ஃபேன் நின்னு போய் அவ வேர்வையில நனைஞ்சு கிடக்கறா. ஏன் அம்மிணி, ஊரு உலகமெல்லாம் பேசுற பெட்டி, அது வயித்துக்குள்ள போய் முடி மாதிரி ஒரு கம்பியை எதுக்கு வச்சான்? வைக்காமயே இருந்தா என்ன?"

"செத்ததைக் காட்டுங்க."

பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். குட்டிக் கண்ணாடிக் குழல். இரண்டு பக்கமும் பித்தளைத் தொப்பி. அதற்குள்தான் அந்தக் கம்பி இருக்கும்.

தமயந்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேசை டிராயரைத் துழாவி இன்னொரு குழலை எடுத்தாள். இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரெண்டும் செத்ததுதான். பாருங்க."

அவளுடைய குழலில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. நடுவில் கம்பி தொய்ந்து அறுந்திருந்தது. அவருடைய குழலில் கம்பியே இல்லை. உள்ளே முழுக்கக் கரி பூசினாற்போல இருந்தது.

"உன்னுது வெளுப்பு. என்னுது கறுப்பு."

"என்னுது பாரம் தாங்காம மெல்ல மெல்லச் செத்துச்சுங்ணா."

"என்னுது?"

"அலறிச் செத்திருக்குது."

"பியூஸ் அலறுமா?"

"எதைப் பார்த்து அலறுச்சுன்னு கேட்டுட்டு வாங்க."

புதுக்குழல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஈயம் வைக்கத் திரும்பிக்கொண்டாள்.

நஞ்சப்பனுக்கு எரிச்சல். பியூஸ் கேட்டு வந்தவனுக்குப் பேய்க்கதை சொல்கிறாள்.

இருந்தாலும் குரு சொன்னது. வீட்டுக்குப் போய்க் குழலை மாட்டிவிட்டுக் கேட்டார்.

"மயிலு, ஃபேன் எப்ப நின்னுச்சு?"

"நின்னப்ப நின்னுச்சு."

"அப்ப நீ என்ன பண்ணீட்டிருந்த?"

"கும்மி அடிச்சிட்டிருந்தேன். படுத்துக் கிடக்கறவகிட்ட என்ன கேள்வி இது?"

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தலைக்கு மேலே பழைய பருத்திச் சேலையை முறுக்கிக் கட்டிய கயிறு தொங்கியது. அவர் அவளைப் புரட்டிப் போடும்போது அவள் பிடித்துக்கொள்வதற்காக அவரே கட்டியது.

மூன்றாம் நாள் மறுபடியும் ஃபேன் நின்றது.

நஞ்சப்பன் பெட்டியைத் திறந்தார். கறுப்பு. மூன்றாவது கறுப்பு.

வயர்மேன்களுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. கோயில் நோம்பி, கல்யாண வீடு, பியூஸ் அடிக்கடி போனால் அதன் பீங்கான் கட்டையைப் பிடுங்கி, ஒரு இழை போட வேண்டிய இடத்தில் நாலு இழை செப்புக்கம்பி சுற்றி மாட்டிவிடுவார்கள். அப்புறம் அது போகவே போகாது. விசேஷமும் நல்லபடியாக முடியும். 'நஞ்சப்பன் கை வச்சா கரண்டு போகாது' என்று பேரும் கிடைக்கும்.

முப்பத்தைந்து வருஷக் கை. அது குருவைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்?

கண்ணாடிக் குழலை எடுத்துப் பையில் போட்டார். அந்த இடத்தில் ஒரு செப்பு இழையை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

ஃபேன் சுற்றியது. மயிலாத்தாவின் முன்நெற்றி முடி பறந்தது. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாடி ஏறும்போதே சொல்லிக்கொண்டு ஏறினார்.

"அம்மிணி, இனிமே போகாது."

தமயந்தி நிமிரவில்லை. "என்ன பண்ணுனீங்ணா?"

"ஒரு இழை காப்பர்."

சால்டரிங் இரும்பு பிடித்திருந்த கை நின்றது.

"வாசல் மெயின்ல?"

"அது நான் கட்டுன கட்டையாச்சே! நாலு இழை. பொண்ணு கண்ணாலத்துக்கு சீரியல் செட்டு போட்டப்பக்கூட அசையல."

"அக்காகூட யாரு இருக்கறாங்க?"

"பக்கத்து வீட்டுப் புள்ள பதினொரு மணிக்கு வந்து எட்டிப் பார்க்கும்."

தமயந்தி இரும்பைத் தாங்கியில் வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். கடையைப் பூட்டக்கூட இல்லை. இறங்கி ஸ்கூட்டரை எடுத்தாள்.

"ஏறுங்ணா."

"எங்க?"

சந்தைமேடு தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அலறுறவன் வாயில துணியை அடைச்சுட்டு வந்திருக்கறீங்களேங்ணா."



வாசலிலேயே நாற்றம் வந்தது. ரப்பர் தீய்கிற நாற்றம். அந்த நாற்றம் என்னவென்று அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

தமயந்தி எட்டி மெயினை இழுத்தாள். வீடு முழுக்க அமைதியானது.

உள்ளே போனார்கள்.

மயிலாத்தா உட்கார்ந்திருந்தாள்.

கட்டில் விளிம்பில். இரண்டு காலும் தரையில். வலது கையில் சேலைக்கயிறு. அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்து ஊதுபத்திப் புகைபோல ஒரு நூல் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"கயித்தை விடுங்கக்கா" என்றாள் தமயந்தி.

"விட்டா விழுந்துருவேன் கண்ணு."

தமயந்தி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோள் கொடுத்தாள். மயிலாத்தா கயிற்றை விட்டாள்.

நஞ்சப்பன் அறையின் நிலைப்படியிலேயே நின்றார்.

"அண்ணா, இங்க வாங்க. இந்த ஆணி யாரு அடிச்சது?"

வந்து பார்த்தார். கயிறு தொங்கிய ஆணி. நாலு அங்குல ஆணி. அதைச் சுற்றிச் சுவரில் புளியங்கொட்டை அளவுக்குப் பழுப்பு.

ஆணிக்கு நேர் கீழே சுவிட்ச் போர்டு.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே ஆணி அடிக்காதே, சுவருக்குள்ளே வயர் அந்த வழியாகத்தான் ஏறுது என்று முப்பத்தைந்து வருஷமாக வீடு வீடாகச் சொன்ன மனுஷன் அவர். சாமி படம் மாட்ட வந்த பெரிய மனுஷர்களையெல்லாம் அதற்காகத் திட்டியிருக்கிறார்.

"நான்தான்."

"எப்பங்ணா?"

"இவளை ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாந்த அன்னிக்கு."

"போர்டு கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"தெரியல அம்மிணி. அன்னிக்கு ஒண்ணுமே தெரியல."

மயிலாத்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

தமயந்தி ஆணியை விரலால் மெல்ல ஆட்டினாள்.

"இது ரெண்டு வயருக்கு நடுவுல புகுந்திருக்குதுங்ணா. சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாது. படுத்துட்டே கயித்தைப் பிடிச்சாலும் ஆகாது."

"அப்புறம் எப்படி?"

"ஒரு ஆளு, தன் உடம்புப் பாரம் மொத்தமும் போட்டு இழுத்தாத்தான் ஆணி சாஞ்சு ரெண்டு வயரையும் கடிச்சு ஷார்ட் ஆகும்."

நஞ்சப்பன் கை சட்டைப்பைக்குப் போனது. உள்ளே மூன்று குழலும் கிலுகிலுத்தன.

ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"மயிலு..."

"என்ன?"

"மூணு தடவையா?"

"இன்னிக்கோட நாலு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா கயித்தைக் கழட்டிருவீங்க."

கழற்றித்தான் இருப்பார்.

"முதத் தடவை உசுரைக் குடுத்து இழுத்தேன், தலை மட்டும் எந்திரிச்சுது. ஃபேன் நின்னுச்சு. அடுத்தது முதுகு எந்திரிச்சுது. ஃபேன் நின்னுச்சு. மூணாந்தடவை ஒரு காலு கீழ வந்துச்சு, மறுபடியும் நின்னுச்சு. நான் எந்திரிக்கறது இந்த ஃபேனுக்குப் பொறுக்கலை போலன்னு நினைச்சுட்டேன். இன்னிக்கு நிக்கவே இல்ல. பரவால்ல, இதுக்கும் எம்மேல இரக்கம் வந்துருச்சுன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா சுவரு புகையுது."

"கத்தியிருக்கலாமில்ல?"

"கத்தினனே. உங்க பேரைச் சொல்லித்தான் கத்தினேன். நீங்கதான் மாவு மில்லு மேல பாடம் படிக்கப் போயிட்டீங்க."

"விட்டுட்டுப் படுத்துருக்கலாமில்ல?"

"எட்டு மாசம் கழிச்சு உட்கார்ந்திருக்கேன். எப்படிங்க படுக்கறது?"

"விழுந்திருந்தா?"

"ஏற்கெனவே விழுந்தவதானே. வழி தெரியும்."

தமயந்தி சிரித்துவிட்டாள். மயிலாத்தாவும் சிரித்தாள். ஒரு பக்க உதடு மட்டும் மேலே போனது.

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த பருத்தி. காலையில்தான் அதைத் துவைத்துப் போடலாம் என்று கையில் எடுத்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பக் கட்டினார். ஈரமாக இருந்திருந்தால் ஆணியில் இருந்த கரண்டு அவள் கைக்கு இறங்கியிருக்கும்.



ஆணியைப் பிடுங்கினார். சுவரைக் கொத்தி, தீய்ந்த வயரை உருவிப் புது வயர் இழுத்தார். பெட்டியைத் திறந்து செப்பு இழையை ஈயத்தோடு பெயர்த்து எடுத்தார். புதுக்குழலைத் தமயந்தி நீட்டினாள், வாங்கி வைத்தார். யாரும் சொல்லாமலே வாசலுக்குப் போய், மெயினில் இருந்த பீங்கான் கட்டையைக் கழற்றி, நாலு இழையில் மூன்றைப் பிரித்துப் போட்டார்.

சேலைக்கயிற்றை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

தமயந்தி கண்ணால் ஜன்னலைக் காட்டினாள். சுவரோடு பதித்த இரும்புக் கம்பி ஜன்னல். மாடு கட்டினாலும் தாங்கும்.

கயிற்றை அங்கே கட்டினார். மூன்று முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்துவிட்டு நாலாவதும் போட்டார்.

"என்னைக் கட்டிப்போடறதுக்கா?" என்றாள் மயிலாத்தா. கட்டில் விளிம்பை விட்டு அவள் இன்னும் நகரவில்லை.

நஞ்சப்பன் குருவிடம் திரும்பினார்.

"இனி நான் என்ன செய்யோணும் அம்மிணி?"

"கையை நீட்டுங்ணா. ரெண்டும்."

நீட்டினார்.

"சேர்த்து. பிரசாதம் வாங்கற மாதிரி."

சேர்த்தார்.

தமயந்தி அவர் பையில் இருந்து கருகிய குழல்களை எடுத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக அவர் கைக்குள் வைத்தாள்.

"கண்ணாடி. கீழ விழுந்தா உடைஞ்சிரும். என்ன ஆனாலும் விடக் கூடாது."

அவர் கை நிறைந்து போனது. மூன்றே மூன்று குழல். ஆனால் ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, அவள் என்ன செய்திருக்கிறாள் என்று.

"அம்மிணி, வேண்டாம்..."

மயிலாத்தாவுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. ஜன்னல் கயிற்றை வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

இழுத்தாள்.

முதுகு நிமிர்ந்தது. இடுப்பு கட்டிலை விட்டு எழும்பியது. முட்டி நடுங்கியது. நஞ்சப்பன் உடம்பு தானாக முன்னால் பாய்ந்தது. கைக்குள் கண்ணாடி கிலுங்கியது.

"பார்த்துங்க" என்றாள் மயிலாத்தா, பல்லைக் கடித்துக்கொண்டு. "உடைஞ்சிரப் போகுது."

அவர் நின்றார்.

அவள் நின்றாள்.

ஜன்னல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, மூச்சு வாங்க வாங்க நின்றாள். அவர் கண்ணில் இருந்து வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

தமயந்தி குனிந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த செருப்பை எடுத்தாள். முந்தானையால் ஒருதரம் துடைத்தாள். வாசற்படிக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய், தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.